பின்வாசல் பட்டறை

“வீட்டுல விறகடுப்பா? கொசுவர்த்தி கொளுத்துவீங்களா? ஏதாவது தூசு வேலை நடக்குதா?”

எட்டு மாதக் குழந்தையின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டே டாக்டர் இந்த மூன்று கேள்விகளையும் கேட்டார். முதல் இரண்டுக்கும் உடனே பதில் சொல்லிவிட்டேன். மூன்றாவதற்கு வாய் வரவில்லை. தூசு வேலை நடக்கத்தான் செய்தது. அதுவும் சமையலறையை ஒட்டிய பின்வாசலில், குழந்தையின் தூளிக்குப் பத்தடி தூரத்தில்.

எங்களுக்குப் பொம்மையார்பாளையம். கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு அந்தப் பக்கம் கடல். இந்தப் பக்கம் முந்திரியும் சவுக்கும் செம்மண்ணும். என் வீட்டுக்காரர் பகலில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கத்தி செய்வார். அரிவாள் இல்லை, சமையல் கத்தி. 1968-ல் ஆரோவில் உண்டான நாளிலிருந்தே எங்கள் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு வெளிநாட்டுக்காரர்களின் விதவிதமான ஆசைகள் பழகிப்போன சங்கதி. கையால் செய்த கத்திக்கு அங்கேயும், சாலையோர விடுதிச் சமையல்கட்டுகளிலும் ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் இவருக்கும் அந்தப் பித்து பிடித்துக்கொண்டது. மாதம் நாலைந்து கத்தி போனாலும் பால் கணக்கும் மளிகைக் கணக்கும் தீர்ந்துவிடும். ஆகவே “வேண்டாம்” என்று நானும் சொல்லவில்லை.

அந்த மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பார்த்தால் பயமாக இருக்கும், விஷயம் எளியதுதான். நம் தெருவில் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலை மிதித்துச் சாணை பிடிப்பாரே, அவருக்குக் கல் சுழலும். இதில் கல்லுக்குப் பதில் உப்புத்தாள் ஒட்டிய நீளத் துணிப் பட்டை ஒன்று மூன்று சக்கரங்களைச் சுற்றி ஓடும். இரண்டு அங்குல அகலம், எழுபத்திரண்டு அங்குலச் சுற்று. ஒரு சக்கரம் மோட்டாரில் இருக்கும். ஒன்று ஸ்பிரிங்கால் பட்டையை இழுத்துப் பிடிக்கும். அதையே லேசாகத் திருகினால் பட்டை ஓரம் விலகாமல் நடுவில் ஓடும். முன்னால் ஒரு தட்டை இரும்பு. அதன் மேல் பட்டை ஓடும்போது கத்தியை வைத்துத் தேய்க்க வேண்டியதுதான். இவர் சதுர இரும்புக் குழாயை வெல்டிங் செய்து தானே கட்டினார். ஒன்றரை எச்.பி. மோட்டார்; நிமிஷத்துக்கு 1440 சுற்று. நாலு அங்குலச் சக்கரம் போட்டால் பட்டை நிமிஷத்துக்குச் சுமார் 450 மீட்டர் ஓடும். அதில் விரல் பட்டால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பழைய லாரி ஸ்பிரிங் பட்டைதான் கத்திக்கு இரும்பு. நம் கொல்லர்கள் அரிவாள் அடிப்பதும் அதில்தான். முதலில் 36, 60 என்ற எண் போட்ட முரட்டுப் பட்டை. பிறகு 120, 220, 400 என்று நைசாகிக்கொண்டே போகும். அந்தத் துணியில் ஒட்டியிருக்கும் சொரசொரப்பு, பெரும்பாலான பட்டைகளில் அலுமினியம் ஆக்சைடு. அதுவே இயற்கையில் கல்லாகக் கிடைத்தால் குருந்தம். நம் சேலம், நாமக்கல் பக்கத்து மண்ணில் கிடைப்பது. அந்தக் காலத்துச் சாணைக்கல்லே குருந்தப் பொடியை அரக்கில் குழைத்து வார்த்ததுதான். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘கோரண்டம்’ என்ற பெயர் நம் ‘குருந்தம்’ போய் ஆனதாம். இவர் சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் பெருமை இருமலுக்கு மருந்தாகுமா?

டாக்டர் ரொம்ப யோசிக்கவில்லை. “நெஞ்சு சுத்தமா இருக்கு. ஒரு மாசம் வீட்டுல புகையும் தூசும் இல்லாம பாத்துக்கம்மா, அப்புறம் பார்ப்போம்” என்றார். அன்று ராத்திரி இவரிடம் சொன்னேன்.

“என்னங்க, அந்த மெஷினை அங்கிருந்து எடுத்துடுங்க.”

“இரும்புத் தூளு கனம்மா. பறக்காது, கீழதான் விழும். நாந்தான் தினம் கூட்டறேனே” என்றார்.

அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் பழைய ரேடியோவின் உடைந்த ஸ்பீக்கரிலிருந்து வட்டக் காந்தத்தைக் கழற்றி எடுத்துவந்தார்கள். மேலே ஒரு வெள்ளைத் தாளைச் சுற்றி, “தூளியிலே தேச்சுப் பாரும்மா” என்றார்கள். தூளிப் புடவை முழுவதும் மெதுவாகத் தடவினேன். தாள் கறுத்துப்போயிற்று! மை பூசியதுபோல் இல்லை; மெல்லிய கறுப்பு மயிர் முளைத்ததுபோல் நின்றது. தலையணை உறையிலும் இருந்தது. அரிசி டப்பா மூடியிலும் இருந்தது. அந்தத் தாளை அப்படியே மடித்து, இவர் சாப்பிட உட்கார்ந்தபோது இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். இவர் பிரித்துப் பார்த்தார். அன்றைக்கு ரசம் கேட்கவில்லை.

பெரிய பொறிதான் கனத்துக் கீழே விழுகிறது. நைசான தூள் அரை மணி, ஒரு மணி நேரம் காற்றிலேயே மிதக்கும். துடைப்பத்தால் கூட்டினால் உட்கார்ந்த தூளும் மறுபடி எழும்பும். இவர் தினமும் கூட்டியதே தப்பாகப் போயிற்று. குஜராத்தில் கம்பாத் என்று ஓர் ஊர். வீட்டுக்குள்ளேயே அகேட் கல்லைத் தேய்த்து மணி செய்வது அங்கே தலைமுறைத் தொழில். தேய்ப்பவர்களுக்கு மட்டுமல்ல, மெஷினையே தொடாத வீட்டுப் பெண்களுக்கும் நுரையீரலில் சிலிகோசிஸ் வந்திருக்கிறது. அது கல் தூசு, இது இரும்புத் தூசு, இரண்டும் ஒன்றல்ல. ஆனால் வேலை செய்கிறவர் ஒருவர், சுவாசிக்கிறவர்கள் எல்லாரும் என்பது இரண்டுக்கும் பொது.

மெஷினை எங்கே வைப்பது? வீட்டுக்கு மேற்கே, கிணற்றைத் தாண்டி, சவுக்குத் தோப்பு ஓரமாக ஒரு கொட்டகை போட்டோம். ஏன் மேற்கே என்றால், எங்களுக்கு மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று கிழக்கிலிருந்து வீசும். தூசு வீட்டை விட்டு அப்பால் போகும். ஆனி, ஆடியில்தான் தொல்லை. காலையெல்லாம் மேல்காற்று அடித்து அத்தனையையும் வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டும். அந்த நாட்களில் கடல் காற்று திரும்பிய பிறகுதான் மோட்டார் போட வேண்டும் என்பது என் சட்டம். வேப்பமரத்து இலை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துவிட்டு நானே குரல் கொடுப்பேன்.

பட்டைக்கு நேர் கீழே அகல வாளியில் தண்ணீர் வைத்திருக்கிறார். பொறி அதில் விழுந்து அணைகிறது. சூடேறிய கத்தியை முக்கவும் அதுவே ஆகிறது. கத்தியைத் தண்ணீரில் முக்காமல் தேய்த்துக்கொண்டே போனால் இரும்பு முதலில் வைக்கோல் நிறம், பிறகு நீலம் ஆகும். நீலம் ஆன இடத்தில் உரம் போய்விட்டது என்று அர்த்தம். எனக்குக் கொடுத்த முதல் கத்தி அப்படித்தான். நடுவில் வெங்காயம் சீவும், நுனியில் தக்காளித் தோல்கூட இறங்காது! தேய்ந்த பட்டையைச் சிக்கனம் பார்த்து ஓட்டினால்தான் இந்தச் சூடு அதிகம் ஏறும் என்கிறார். நான் சிக்கனக்காரி. ஆனால் இதில் வாயை மூடிக்கொண்டேன். பழைய பட்டைகளைத் துண்டு போட்டு, வழுக்குகிற துவைகல் படியில் ஒட்டச் சொல்லிவிட்டேன்.

ஒரு நாள் நடந்ததையும் சொல்ல வேண்டும். தூசியை இழுக்கிறேன் என்று பழைய உறிஞ்சி மெஷின் ஒன்றை மாட்டி, பின்னால் துணிப் பை கட்டினார். பகலில் பூவரசம் பிடிகளைத் தேய்த்தார். பையில் மரத்தூள் நிறைந்திருந்தது. சாயங்காலம் அதே பையோடு இரும்பைத் தேய்த்தார். ராத்திரி பதினொரு மணிக்கு அத்தை எழுந்து, “ஏதோ தீயற வாசனை வருதே” என்றார்கள். மரத்தூளுக்குள் ஒரு பொறி போய்ப் படுத்து, உமி மாதிரி உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருந்தது. பின்வாசலிலேயே இருந்திருந்தால்... வேண்டாம், அதை எழுதவும் மனம் வரவில்லை. இப்போது மரத்துக்குத் தனிப் பை. வேலை முடிந்ததும் அதைக் காலி செய்த பிறகுதான் அடுத்தது. இரும்புக்கு வாளித் தண்ணீர்தான்.

இவர் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு தேய்ப்பார் முன்பெல்லாம். நைசுத் தூளைக் கைக்குட்டை தடுக்காது. 2020-ல் கொரோனா வந்து நம் எல்லாருக்கும் என்-95 முகமூடியைக் கற்றுக்கொடுத்துவிட்டதே, அதுதான் இதற்கும். தாடி இருந்தால் ஓரத்தில் இடைவெளி விடும் என்பதால் தாடியும் போயிற்று. (எனக்கு அதில் வருத்தமில்லை.) கண்ணாடி கட்டாயம். இரும்புத் தூள் கண்ணின் கருவிழியில் குத்தினால் ஓரிரு நாளிலேயே துருப்பிடித்து வளையம் கட்டிவிடும். கசக்காமல், ஊதாமல், நேரே கண் ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் வழி. கையுறை மட்டும் கூடாது; துணியைப் பட்டை கவ்வினால் விரலையும் சேர்த்து இழுக்கும். அதனால்தான் நானும் முந்தானையை இடுப்பில் செருகி, பின்னலைக் கொண்டை போட்ட பிறகே காபி டம்ளரோடு அந்தப் பக்கம் போகிறேன். மெஷின் நின்ற பிறகுதான் உள்ளே நுழைவேன்.

வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைப்பார். பட்டறை லுங்கியும் பனியனும் கொட்டகை ஆணியிலேயே இருக்கும். தனி வாளியில் ஊறவைத்துத் தனியாக அலசுவேன், குழந்தைத் துணியோடு சேர்ப்பதில்லை. கிணற்றடியில் தலைக்குக் குளித்த பிறகுதான் குழந்தையைத் தூக்கலாம். முதல் வாரம் குழந்தை இவரைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டி அழுதது. இவரும் சோப்பு நுரையோடு, “வரேன்டா, வரேன்டா” என்று கத்திக்கொண்டே குளித்தார்.

இருமல் மூன்று வாரத்தில் நின்றது. தூசு போனதாலா, அதே சமயம் கொசுவர்த்தியை நிறுத்தி வலை கட்டியதாலா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டையுமே திரும்பக் கொண்டுவரும் எண்ணம் இல்லை.

வெள்ளிக்கிழமை தோறும் வீடு துடைத்த பிறகு காந்தத்துக்குப் புதுத் தாள் சுற்றித் தூளியில் தேய்த்துப் பார்க்கிறேன். போன வெள்ளி, தாளின் ஒரு மூலையில் மட்டும் நாலு புள்ளி. எங்கிருந்து வந்தது என்று தேடினால், இவருடைய செருப்பு! கொட்டகைக்கென்று வேறு ஜோடி வாங்கச் சொல்லியிருக்கிறேன்.