தூண்டில் நூலின் மறுமுனை

தூண்டில் நூலுக்கு இரு முனைகள் உள்ளன. ஒன்று மனிதனின் கையில் இருப்பது. மற்றையது நீருக்குள் இருப்பது. கையில் இருக்கும் முனையைப் பற்றி நிறையவே பேசப்பட்டுள்ளது. தூண்டிற்காரனின் பொறுமையும், அவன் தனித்திருந்து பெறும் அமைதியும், நீரோடு அவன் கொள்ளும் உறவும் பலராலும் புகழப்பட்டவை. நீருக்குள் இருக்கும் முனை அத்தகைய பேற்றினைப் பெறவில்லை. அதிலும், அம்முனை எங்கேனும் சிக்கி அறுந்துவிடுமாயின் அதன் கதை அத்துடன் முடிந்தது என்றே கருதப்படுகின்றது. ஆயின், கையை விட்டுப் போன நூல் தன் தொழிலை விட்டுவிடுவதில்லை.

இதனை உணர்வதற்கு மட்டக்களப்பின் கல்லடிப் பாலம் தக்கதோர் இடமாகும். பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில், 1924ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட இவ்விரும்புப் பாலம், அந்நாளைய தேசாதிபதி மனிங்கின் துணைவியார் பெயரால் லேடி மனிங் பாலம் என அழைக்கப்பட்டது. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் நகரையும் கல்லடியையும் இணைத்து நின்ற அப்பாலம், 2013ஆம் ஆண்டில் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டதோடு வாகனச் சுமையிலிருந்து விடுபட்டது. இன்று பழைய பாலத்துக்கு உரியவர்கள் நடந்து செல்வோரும், காற்று வாங்க வருவோரும், தூண்டில் போடுவோருமே.

மீன்பாடும் தேன்நாடு என்னும் பெயரை இம்மண்ணுக்குத் தேடித்தந்த ஒலியும் இப்பாலத்தின் அயலிலேதான் கேட்பதாகச் சொல்லப்படும். பூரணை இரவிலே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி, மறுநுனியைக் காதோடு சேர்த்துக் கேட்கும் வழக்கம் பழைமையானது. 1848இல் மட்டக்களப்புக்கு வந்த எமர்சன் தெனன்ற் என்னும் பிரித்தானிய அதிகாரி அவ்வொலியைத் தாமே கேட்டு, 1859இல் வெளியான தமது நூலிலே விவரித்துள்ளார். பாடுவது மீன் என்பாரும் ஊரி என்பாரும் உளர். எது பாடினும், அது பாடும் இடம் நீரின் அடித்தளம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அதே அடித்தளத்திலேதான் அறுந்த நூல்களும் சென்று சேர்கின்றன.

மாலை ஐந்து மணியானதும் பாலத்தின் கைப்பிடி ஓரத்தில் தூண்டிற்காரர்கள் வந்து சேர்வர். அவர்களுள் எழுதுவினைஞர் உண்டு. கடைச் சிப்பந்தி உண்டு. விடுமுறைக்கு வீடு வந்த மாணவன் உண்டு. மீன் அகப்பட்டால் மகிழ்ச்சி; அகப்படாவிட்டாலும் வீட்டில் அடுப்பு எரியாமற் போவதில்லை. நாள் முழுவதும் பிறருக்குப் பதில் சொல்லிக் களைத்த மனிதனுக்கு எவருக்கும் பதில் சொல்லத் தேவையற்ற ஒரு மணிநேரத்தைத் தருகின்ற பொழுதுபோக்கு இது. அதனைக் குறைகூறுவதற்கில்லை.

ஆயின், அவர்கள் எழுந்து சென்ற பின்னர் அவ்விடத்தை நோக்குதல் வேண்டும். இரை பொதிந்து வந்த பொலித்தீன் பை காற்றில் உருண்டு கைப்பிடிக் கம்பியில் ஒட்டிக்கொள்கின்றது. வெற்றுத் தண்ணீர்ப் போத்தல், வெற்றிலைச் சுருள் வந்த தாள், தூண்டில்முள் வாங்கிய சிறு பிளாஸ்ரிக் உறை, சிக்கெடுக்க இயலாது அறுத்தெறிந்த நூற்பந்து ஆகியன ஆங்காங்கே கிடக்கின்றன. சோற்றுப் பொதிக்குப் பயன்பட்ட பொலித்தீன் தாளை 2017ஆம் ஆண்டில் அரசாங்கம் தடைசெய்தது. தூண்டில் நூலையோ எவரும் குப்பையென்று எண்ணுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத குப்பைக்கு யார்தான் கணக்கு வைப்பர்?

தூண்டில் நூல் எக்காலத்திலும் இத்தகையதாக இருக்கவில்லை. முன்னைய நாட்களில் அது பருத்தியாலோ சணலாலோ முறுக்கப்பட்டது. அறுந்து நீரில் வீழ்ந்தால் ஊறி, இற்று, சில மாதங்களில் மண்ணாகிப் போனது. 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நைலோன் உலகுக்கு அறிமுகமாயிற்று. அதன் பின்னர் ஒற்றையிழை நைலோன் தூண்டிலுக்கு வந்து சேர்ந்தது. தங்கூசி என்று இங்கு வழங்கப்படுவது அதுவே. மெல்லியதாயினும் வலிமையுடையது, நீரிலே எளிதில் கெடாதது, கண்ணாடி போன்று மீனின் பார்வைக்குத் தப்புவது. தூண்டிற்காரன் விரும்பிய குணங்கள் அனைத்தும் அதில் அமைந்திருந்தன. அறுந்த பின்னர் அக்குணங்களே தீங்காகின்றன. அது இற்றுப்போவதில்லை. வெயில் படும் கரையிலே காலப்போக்கில் நொறுங்கிச் சிறு துண்டுகளாகின்றது; ஒளி குன்றிய ஆழத்திலோ நெடுங்காலம் கெடாது கிடக்கின்றது. மீனுக்குத் தெரியாத நூல் நீர்க்காகத்துக்கும் தெரிவதில்லை. தோணியில் வருவோனுக்கும் தெரிவதில்லை.

நூல் எவ்வாறு இழக்கப்படுகின்றது என்பதும் நோக்கற்பாலது. பாலத்தூண்களின் அடியிலும், கரையிற் குவிந்த கற்களிடையேயும், கண்டல் வேர்களிலும் மீன் ஒதுங்கும். மீன் ஒதுங்கும் இடத்தையே தூண்டிலும் தேடிச் செல்லும். அங்கேதான் முள் கொளுவிக்கொள்ளும். இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு நூலை அறுத்துவிடுதல் வழமை. பின்னர் வருபவனின் தூண்டில் முன்னையவன் விட்டுச்சென்ற நூலிலேயே சிக்குகின்றது. இவ்வாறாக நல்ல இடம் எனப் பெயர் பெற்ற ஒவ்வோர் இடத்தின் அடியிலும் ஒரு முட்புதர் வளர்கின்றது. இரை ஒட்டிய முள்ளில் ஒரு மீன் சிக்கி மடியும்; மடிந்த மீனை உண்ண வரும் நண்டோ வேறு மீனோ அதே நூலில் அகப்படும். பிடிப்பதற்கு ஆளில்லாத மீன்பிடி அது.

அந்தப் பாலத்துக்கு நாள்தோறும் வந்தவர்களுள் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் இருந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் கணிதம் கற்பித்தவர். மனைவி இறந்த பின்னர் மாலை வேளையை வீட்டிலே கழிக்க இயலாது தூண்டிலை எடுத்தவர். எதனையும் ஒழுங்காகச் செய்வது அவரது இயல்பு. முள்ளை நூலோடு பிணைக்கும்போது ஏழு சுற்றுச் சுற்றி, நுனியை இருமுறை மடித்து முடிவார். அம்முடிச்சு ஒருபோதும் அவிழ்ந்ததில்லை என்பதில் அவருக்குச் சிறிது பெருமையும் உண்டு. குப்பையைக் கீழே போடுபவரும் அல்லர். எனினும் முள் சிக்கினால் அறுத்துவிடுவார். அது குப்பை போடுவதாக அவருக்குத் தோன்றியதில்லை. தூண்டிலுக்கு நேர்ந்த நட்டமாகவே அதனைக் கருதினார்.

ஒரு நாள் பாலத்தடிக் கரையிலே வீச்சுவலைக்காரன் ஒருவன் கல்லின்மீது அமர்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். இடுப்பளவு நீரில் இறங்கி வலை வீசுவோர்க்குக் காலே கண். செருப்பணிந்து சேற்றில் நடத்தல் இயலாது. அவனுடைய உள்ளங்காலில் முள்ளொன்று ஆழப் புதைந்திருந்தது. மீன் கழன்றுபோகாதிருக்கும்பொருட்டு முள்ளின் நுனியிலே பின்னோக்கி அமைந்த சிறு கூர் சதையையும் அவ்வாறே பற்றிக்கொள்ளும். இழுக்க இழுக்கக் கிழிக்கும். முச்சக்கரவண்டி வரும்வரை ஆசிரியர் அவனருகில் இருந்தார். முள்ளோடு தொங்கிய நூலைப் பிடித்துக்கொள்ளுமாறு அவன் கேட்க, அதனைக் கையில் எடுத்தார். ஏழு சுற்று; நுனி இருமுறை மடிந்திருந்தது.

அவர் எதுவும் சொல்லவில்லை. அவனாகவே பேசினான்.

“இது புதிசில்ல மாஸ்டர். போன மாசமும் ஒண்டு ஏறினது. மேல நிண்டு அறுத்து விடுறவங்களுக்குக் கீழ ஆள் நடக்கிறது தெரியாது.”

“வைத்தியசாலையில ஏற்பு ஊசி போடச் சொல்லு தம்பி.”

“ஊசி சும்மா போடுவாங்க மாஸ்டர். காயம் ஆறுமட்டும் தண்ணியில இறங்க வேணாமெண்டும் சொல்லுவாங்க. அதுக்குத்தான் பயம்.”

பதினாறு நாட்கள் அவன் வாவியில் இறங்கவில்லை. அப்பதினாறு நாட்களும் ஆசிரியர் பாலத்துக்குப் போகவில்லை. இருவரது ஓய்வும் ஒன்றல்ல. ஒருவர் இழந்தது மாலைப்பொழுதின் ஆறுதலை. மற்றவன் இழந்தது குடும்பத்தின் உணவை. பொழுதுபோக்குக்காக நீருக்கு வருபவன் விட்டுச்செல்லும் பொருளின் விலையை, பிழைப்புக்காக நீருக்கு வருபவன் செலுத்துகின்றான். இப்பிரச்சினையின் உட்பொருள் இதுவே. கரையோரச் சேற்றைக் கையினால் துழாவி இறால் பிடிப்போரின் விரல்களும், தோணி இயந்திரத்தின் விசிறித்தண்டும் இதே நூலுக்கு இரையாகின்றன. தண்டிலே சுற்றிய நூல் உள்ளிருக்கும் இறப்பர் வளையத்தை அறுத்துவிட்டால் நீர் புகுந்து இயந்திரமே பழுதாகும்.

ஒரு மனிதன் கைவிடும் நூலும் ஈயமும் அற்பமானவை; அவற்றாலா பெருந்தீங்கு விளையும் என்று கேட்போர் உளர். தொழில்முறை மீனவரும் வலைகளை இழக்கின்றனர்; நகரத்தின் வடிகால்கள் இதனினும் பன்மடங்கு குப்பையை வாவியிற் சேர்க்கின்றன என்பர். இவ்வாதத்தில் உண்மை உண்டு. தங்கூசி வலை இந்நாட்டிலே சட்டத்தினால் தடைசெய்யப்பட்டிருந்தும் அதன் பாவனை முற்றாக ஒழியவில்லை. ஆயினும் அற்பமானவை பலவாகிச் சேரும்போது என்ன நிகழும் என்பதற்குத் தூண்டிற் பொழுதுபோக்கு மிகப் பரவியிருந்த பிரித்தானியாவின் அனுபவமே சான்று.

அங்கே தேம்ஸ் முதலிய ஆறுகளில் வாழ்ந்த அன்னங்கள் 1970களிலும் 1980களின் முற்பகுதியிலும் பெருமளவில் மடிந்தன. இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது அவற்றின் அரைப்பையிலே தூண்டிலுக்குப் பாரமாகக் கட்டப்படும் சிறு ஈயமணிகள் காணப்பட்டன. பறவைக்குப் பற்கள் இல்லை. உண்ட உணவை அரைப்பதற்காக அது சிறு கற்களை விழுங்கும். கற்களோடு ஈயமும் உட்சென்று, அரைபட்டு, இரத்தத்திற் கலந்தது. தசைகள் தளர்ந்தன, நிமிர்ந்து நிற்கும் கழுத்து வளைந்து முதுகிலே சாய்ந்தது, உண்ண இயலாது அன்னம் மெலிந்து இறந்தது. ஆற்றங்கரையில் அமர்ந்து அன்னத்தின் அழகை இரசித்த அதே மனிதர்களே, தாம் அறியாமலே அதற்கு நஞ்சூட்டினர். 28.35 கிராம் வரையிலான பெரும்பாலான ஈயக்குண்டுகளின் விற்பனை 1987ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து அங்கு தடைசெய்யப்பட்டது. அதன் பின்னர் அன்னங்கள் மீண்டும் பெருகின. தூண்டிற்காரர்களின் பொழுதுபோக்கு அதனால் அழிந்துபோகவில்லை. வேறு உலோகங்களாலான பாரங்களைக் கட்டிக்கொண்டு அவர்கள் முன்போலவே மீன் பிடிக்கின்றனர்.

இவ்வனுபவம் உணர்த்துவது யாது? தீங்கு செய்தோர் தீயோர் அல்லர். தீங்கு நிகழ்ந்த இடம் அவர்களுடைய பார்வைக்கு அப்பால் இருந்தது. அதனை எவரேனும் மேலே கொண்டுவந்து காட்ட வேண்டியிருந்தது. காட்டிய பின்னர் பரிகாரம் கடினமானதாக இருக்கவில்லை. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலே 2000களின் தொடக்கத்திலிருந்து மீன்பிடி மேடைகளில் பிளாஸ்ரிக் குழாய்களை நிறுத்திவைத்து, பயனற்ற நூலை அவற்றுள் இடுமாறு தூண்டிற்காரர்களைக் கேட்டு வருகின்றனர். சேரும் நூல் மீளுருவாக்கத்துக்கு அனுப்பப்படுகின்றது. கல்லடிப் பாலத்திலே அத்தகைய நான்கு குழாய்களைப் பொருத்துவதற்குப் பெருஞ்செலவு ஏற்படாது. ஆனால் குழாய் மாத்திரம் போதாது. கற்களிடையே தூண்டிலை வீசாதிருத்தல், சிக்கிய முள்ளை நீர் வற்றும் வேளையில் இறங்கி மீட்டல், அறுந்த நூலைத் துண்டுகளாக நறுக்கிப் போத்தலில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுசெல்லல் ஆகியவற்றுக்குப் பணம் தேவையில்லை, பழக்கமே தேவை. அப்பழக்கம் ஒருவரைப் பார்த்து மற்றவருக்கு வருவது.

பதினேழாம் நாள் ஆசிரியர் பாலத்துக்கு வந்தார். தூண்டிலோடு, வாயகன்ற ஒரு போத்தலையும் கொண்டுவந்தார். மீன் பிடிப்பதற்கு முன்னர் கைப்பிடியின் ஓரமாக நடந்து, கம்பிகளிலே சுற்றியிருந்த நூல்களை ஒவ்வொன்றாக அறுத்தெடுத்துப் போத்தலில் இட்டார். நீர் குறைந்த காலைகளில், வீச்சுவலைக்காரன் காட்டிய இடங்களிலே, இருவருமாகக் கற்களிடையே கிடந்த முட்களைப் பொறுக்கினர். அம்முள் யாருடையது என்பதை அவர் அவனிடம் பின்னொரு நாள் சொல்லியிருந்தார். “தெரியும் மாஸ்டர். அண்டைக்கு நூலப் பிடிச்ச கை நடுங்கினது” என்று மாத்திரம் அவன் சொன்னான். அருகில் நிற்கும் மாணவர்கள் சிலர் முதலில் நகைத்தனர். சில வாரங்களின் பின்னர் அவர்களுள் இருவர் தமது நூற்பந்துகளை எறியாது அவரது போத்தலிலே கொண்டுவந்து இட்டனர்.

அறுந்த நூல்கள் முழுவதையும் இரு மனிதர்களால் எடுத்துவிட முடியாது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக அப்பாலத்திலிருந்து வீசப்பட்டவற்றின் மிச்சம் இன்னும் ஆழத்திலே கிடக்கின்றது. எனினும் புதிதாக ஒன்று அதனோடு சேராமற் செய்வது பாலத்தில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் இயலும். நீரைப் பாட்டோடு சேர்த்துப் பேசும் ஒரு நாட்டிலே, தூண்டில் எடுப்பவன் தன் நூலின் இரு முனைகளுக்கும் பொறுப்புடையவனாதல் வேண்டும். நூலைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பும்வரை அவனது மீன்பிடி முடிவதில்லை.