செவிக்கு வாங்கிய அணி

காதுக்குக் கம்மல் வாங்க வேண்டுமென்றால் நாம் நான்கு கடை ஏறி இறங்குகிறோம். கல் பதித்ததா, முத்துத் தொங்குவதா, திருகாணி சரியாக நிற்கிறதா என்று ஆயிரம் கேள்வி கேட்கிறோம். ஆனால் அதே காதுக்குள் ஒலியைக் கொண்டுசெல்லும் ஹெட்போனை மட்டும், பேருந்து புறப்படும் அவசரத்தில், நிலையத்து வாசலில் எண்பது ரூபாய் கொடுத்து வாங்கிவிடுகிறோம். நானும் அவ்வாறு வாங்கியவள்தான். அதனால் நான் கற்ற பாடத்தை என் தோழியரோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றதற்காக அப்பா எனக்கு ஒரு எம்.பி.3 பிளேயர் வாங்கித் தந்தார். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியது. "போன் இப்ப வேண்டாம் பாப்பா. பாட்டு கேக்கணும்னா இதுல கேளு" என்றார். அதற்குள் ஆயிரம் பாடல்கள் அடங்கின. என் மகிழ்ச்சியைச் சொல்லவும் வேண்டுமோ! சனிக்கிழமைதோறும் தட்டச்சு வகுப்புக்காகப் பென்னாகரத்திலிருந்து தருமபுரிக்குச் செல்லும்போது அதுவே என் வழித்துணை ஆயிற்று.

ஆனால் நான் வாங்கிய இயர்போன் காதில் சரியாகப் பொருந்தவில்லை. பேருந்தின் இரைச்சல் பாட்டை அமுக்கியது. நான் ஒலியைக் கூட்டினேன். ஓட்டுநர் வண்டியிலும் பாட்டுப் போட்டார். நான் மேலும் கூட்டினேன். மூன்று மாதத்தில் இடப்பக்கம் ஊமையாகிவிட, வலப்பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு முழு ஒலியில் கேட்டேன். ஒரு நாள் இரவு விளக்கை அணைத்துப் படுத்த பிறகும் வலக்காதில் வண்டு ரீங்காரமிடுவது போன்ற ஓசை நிற்கவே இல்லை. விடியும்வரை அஞ்சிக் கிடந்தேன்.

திங்களன்று எங்கள் இயற்பியல் ஆசிரியையான சிஸ்டரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. கரும்பலகையில் நத்தைக்கூடு போன்ற ஓர் உருவத்தை வரைந்து, "இதுதானம்மா உன் உட்காது" என்றார். ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 நுண்ணிய மயிரணுக்கள் உள்ளன; அவை ஒலி அலைகளுக்கேற்ப அசைந்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. பேரொலி அவற்றை மிதித்த புல்லைப்போலச் சாய்த்துவிடுகிறது. சாய்ந்த புல் சில நேரம் நிமிரும், பட்டுப்போனது நிமிராது. நகமும் முடியும் வளர்வதுபோல மனிதருக்கு மயிரணுக்கள் மறுபடி வளர்வதில்லை.

பின்னர் அவர் ஒரு கணக்குப் போட்டார். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து வகுத்த அளவின்படி, பெரியவர்கள் 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். சிறுவர்க்கு அது 75 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். ஆகவே பெரியவர்க்கு 83-இல் 20 மணி நேரம், 86-இல் 10 மணி நேரம். இப்படியே இறங்கி 101-க்கு வந்தால் வாரம் முழுமைக்கும் இருபது நிமிடம்கூட இல்லை! சிறுதுளி பெருவெள்ளம் என்பது சேமிப்புக்கு மட்டுமன்று, சேதத்துக்கும் பொருந்தும் என்று அன்றுதான் உணர்ந்தேன்.

நல்வாய்ப்பாக என் காது இரைச்சல் இரண்டு நாட்களில் அடங்கியது. இனி நல்ல ஹெட்போன் ஒன்று வாங்குவது என்று உறுதி பூண்டேன். கோடை விடுமுறையில் ஆயாவோடு உட்கார்ந்து புளி தட்டிச் சேர்த்த கூலி 1,500 ரூபாய் என்னிடம் இருந்தது. பெங்களூரில் மின்னணுப் பொருள் கடையில் வேலை செய்யும் பெரியப்பா மகன் அண்ணன் பொங்கலுக்கு வந்தபோது, தம்மிடமிருந்த இரண்டு ஹெட்போன்களையும் கொண்டுவந்தார். திண்ணையில் அமர்ந்து அவர் சொல்லித்தந்தவற்றைச் சுருக்கிக் கூறுகிறேன்.

முதலாவது, பொருத்தம். காதுத் துளையில் நுழைப்பது, காதின்மேல் அமர்வது, காது முழுவதையும் மூடுவது என ஹெட்போன் மூன்று வகைப்படும். நுழைக்கும் வகைக்குச் சிறிது, நடுத்தரம், பெரிது என்று ரப்பர் முனைகள் வரும். நம் காதுக்கேற்ற முனையைப் போட்டால் வெளியிரைச்சல் வெகுவாகத் தடைபடும். மிருதங்கத்தின் தொப்பி ஓசைகூட நிறைவாகக் கேட்கும். முனை தளர்ந்தால் அடியொலி ஒழுகிப்போகும். வெளியிரைச்சல் குறைந்தாலே ஒலியைக் கூட்ட வேண்டிய தேவையும் குறைகிறது. எனக்கு எண்பது ரூபாய் இயர்போன் செய்த கேடு இதுவே. முதுகுப்புறம் திறந்த வகை ஹெட்போன்கள் அமைதியான அறைக்கு மிக இனியவை, பேருந்துக்கு உதவா.

இரண்டாவது, கருவியின் வலிமை. சிறிய பிளேயருக்கு 16 முதல் 32 ஓம் வரை மின்மறுப்பு உள்ள ஹெட்போன் ஏற்றது. ஒலிப்பதிவுக் கூடங்களுக்கென்று செய்த 250 ஓம் ஹெட்போனை அதில் செருகினால், கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பாடுவதுபோல மெலிந்து கேட்கும். விலை கூடியதெல்லாம் நமக்கு உகந்ததன்று.

மூன்றாவது, பெட்டிமேல் அச்சிட்ட எண்களைக் கண்டு மயங்கலாகாது. 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை என்று ஏறக்குறைய எல்லாப் பெட்டியும் சொல்லும். அதில் எந்த ஒலியைக் கூட்டியும் எதைக் குறைத்தும் தருகிறது என்பதைப் பெட்டி சொல்லாது. காதுதான் சொல்ல வேண்டும்.

நான்காவது, நன்கு பழகிய பாட்டைக் கொண்டே சோதிக்க வேண்டும். 1978-இல் வந்த 'ப்ரியா' படத்தின் பாடல்கள் ஸ்டீரியோ முறையில் பதிவானவை. அவற்றைப் போட்டு, எந்த வாத்தியம் இடப்புறம், எது வலப்புறம், பாடுபவர் நடுவில் நிற்கிறாரா என்று அண்ணன் கவனிக்கச் செய்தார். முதலில் ஒரு ஹெட்போனே சிறந்ததென்று அடித்துச் சொன்னேன். அண்ணன் சிரித்தார். அது சற்று உரக்க ஒலித்தது, அவ்வளவே. இரண்டையும் ஒரே அளவு ஒலியில் வைத்துக் கேட்டபோது என் தீர்ப்பு மாறிவிட்டது. உரத்துப் பேசுபவரே சரியாகப் பேசுகிறார் என்று நம்புவது மனிதரின் குறை. காதுக்கும் அக்குறை உண்டு!

அண்ணன் சொன்ன இரு செய்திகள் என் மனத்தில் பதிந்தன. 1979-இல் ஜப்பானின் சோனி நிறுவனம் வெளியிட்ட முதல் வாக்மனில் ஹெட்போன் செருக இரண்டு துளைகள் இருந்தனவாம். ஒருவர் தனியே கேட்டுக்கொண்டிருப்பது மரியாதைக் குறைவாகுமோ என்று அதைச் செய்தவர்களே எண்ணியதால் அந்த ஏற்பாடு. பாட்டைத் தாழ்த்தி அருகிலிருப்பவர் பேசுவதைக் கேட்க ஓர் ஆரஞ்சு நிறப் பொத்தானும் இருந்தது. மற்றொன்று, இரைச்சலை எதிரொலியால் அழிக்கும் ஹெட்போன். 1978-இல் விமானப் பயணத்தில் எஞ்சின் இரைச்சலால் இசை கேட்க முடியாமல் தவித்த அமர் போஸ், அங்கேயே அதற்குக் கணக்குப் போடத் தொடங்கினாராம். அமெரிக்காவில் பேராசிரியராக விளங்கிய அவருடைய தந்தை வங்காளத்திலிருந்து சென்றவர்.

இவ்வாறு பேசிக்கொண்டிருக்கையில் அப்பா வந்தார். எங்கள் பக்கத்துக் கல் குவாரி ஒன்றில் அவர் பல ஆண்டுகளாக ஜாக்ஹாமர் பிடிப்பவர். காது முழுவதையும் மூடும் அந்த நல்ல ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, அவருக்குப் பிடித்த பழைய பாட்டைப் போட்டேன். முகம் மலர்ந்தது.

"ஆரம்பத்துல சலங்கை வருதே, எவ்வளவு தெளிவா இருக்கு பாத்தீங்களாப்பா?" என்றேன்.

"எந்தச் சலங்கை பாப்பா?" என்றார்.

மறுபடி போட்டேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு மெல்லத் தலையசைத்தார். "முன்னெல்லாம் கேட்ட ஞாபகம் இருக்கு" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. இரைச்சலால் கெடும் காது முதலில் 4,000 ஹெர்ட்ஸ் சுற்றியுள்ள கீச்சொலிகளையே இழக்கும் என்று சிஸ்டர் கூறியிருந்தார். பேச்சில் 'ச' போன்ற எழுத்துகளின் கூர்மையும் அப்பகுதியில்தான் உள்ளது. யாரோ பேசுவது கேட்கும். என்ன பேசுகிறார் என்பது விளங்காது. அப்பா அடிக்கடி "என்ன? என்ன?" என்று கேட்கும்போதெல்லாம் நானும் தம்பியும் முகம் சுளித்திருக்கிறோமே! எத்தனை விலை கொடுத்த ஹெட்போனும், செவி இழந்த ஒலியைத் திரும்பத் தராது.

மறுநாள் அண்ணனிடம் என் 1,500 ரூபாயைக் கொடுத்தேன். நான் ஆசைப்பட்ட பெரிய ஹெட்போன் வேண்டாம் என்றேன். மூன்று அளவு ரப்பர் முனைகளோடு, கம்பி உறுதியான, 16 ஓம் இயர்போன் ஒன்று 850 ரூபாய்க்கு வந்தது. மீதிப் பணத்தில் தொழிலாளர் அணியும் காதுக்கவசம் ஒன்று வாங்கி வரச் சொன்னேன். அதில் பாட்டு வராது. ஆனால் ஒழுங்காக அணிந்தால் இருபது டெசிபெல்லுக்கு மேல் இரைச்சலைக் குறைக்கும். அப்பா முதலில் கூச்சப்பட்டார். "கூட வேலை செய்றவங்க சிரிப்பாங்க" என்றார். "போனது போகட்டும், இருக்கறதையாவது காப்பாத்துங்கப்பா" என்று அம்மா சொல்ல வேண்டியதை நான் சொன்னேன். இப்போது தினமும் சோற்றுத் தூக்கோடு அதையும் எடுத்துச் செல்கிறார். காது மருத்துவரிடம் ஒருமுறை காட்டவும் சம்மதித்திருக்கிறார்.

நான் இப்பொழுது பேருந்தில் பாதி ஒலிக்கும் குறைவாகவே வைத்துக் கேட்கிறேன். பாட்டு முன்னைவிட நன்றாக இருக்கிறது. சாலையில் நடக்கும்போது கழற்றிவிடுகிறேன். வீட்டில் ஒரு காதை எப்போதும் திறந்தே வைக்கிறேன். முதல் வாக்மனின் ஆரஞ்சுப் பொத்தான் என்னிடம் இல்லை. அம்மா அழைத்தால் நானேதான் நிறுத்த வேண்டும்.

அன்புத் தோழியரே! ஹெட்போன் வாங்குமுன் பொருத்தம் பாருங்கள், பழகிய பாட்டில் சோதியுங்கள், குறைந்த ஒலியில் இனிப்பதையே தேர்ந்தெடுங்கள். திருவள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே வகுத்துச் செவிவழி வரும் செல்வத்தைப் போற்றினார். அச்செல்வம் வந்து சேரும் வாயிலைக் காப்பது நம் கடமையன்றோ? நம் வீட்டில் "என்ன?" என்று மறுபடி கேட்பவரிடம் சலிப்பின்றி மறுபடி சொல்வதும் அக்கடமையைச் சேர்ந்ததே.

— பதினோராம் வகுப்பு மாணவி