பழைய கணினிக்கு எந்தப் பாஸ்கல்?

நிக்கிளாஸ் வேர்த் 1970 இல் உலகுக்கு அளித்த பாஸ்கல் மொழியில் எழுதிய திகதிக் கணக்குச் செய்நிரல் ஒன்று என்னிடம் உண்டு. திகதியைக் கொடுத்தால் கிழமையைச் சொல்லும். பத்திரிகைக்காரனுக்கு அன்றாடம் வேண்டிய விடயம் இது. அதனை 1985 இல் வெளிவந்த அம்ஸ்ட்ராட் சிபிசி 6128 என்ற வீட்டுக் கணினிக்குக் கொண்டுசெல்ல விரும்பினேன். மூலநிரலை இயந்திர மொழிக்கு மாற்றித் தரும் தொகுப்பான்களுள் எதனைத் தெரிவது என்பதே கேள்வி.

முதலில் பார்க்கவேண்டியது சில்லு. கொமடோர் 64 இல் இருப்பது 6502 குடும்பத்துச் சில்லு. அதற்கு ‘மாட் பாஸ்கல்’ பொருந்தும். அம்ஸ்ட்ராட்டில் இருப்பதோ இசட்-80.

இசட்-80 இற்கு எனக்கு இரு வழிகள் தென்பட்டன. ஒன்று, போர்லாண்ட் நிறுவனம் 1983 இல் 49.95 டொலருக்கு விற்கத் தொடங்கிய டேர்போ பாஸ்கல். அதன் மூன்றாம் பதிப்பு, சீபி/எம் இயங்குதளத்தின் துணையுடன் அந்தப் பழைய கணினியிலேயே ஓடும். மற்றையது ஃபிறீ பாஸ்கல். அதன் மேம்பாட்டுப் பதிப்பைக் கொண்டு இன்றைய கணினியில் தொகுத்து, விளைவை மட்டும் பழைய கணினிக்கு எடுத்துச் செல்லலாம்.

பின்னையது இலகுவானது. மூலநிரலில் அதிகம் கைவைக்க வேண்டியதில்லை. டேர்போ பாஸ்கல் மூன்றிலோ, நிரலைத் தனித்தனி அலகுகளாகப் பிரித்து எழுத முடியாது. அந்த வசதி 1987 இல் நான்காம் பதிப்போடுதான் வந்தது. அதைவிடப் பெரிய இடர் எண்களில் இருக்கிறது. அதன் முழுவெண் 32,767 ஐத் தாண்டாது.

1900 ஜனவரி 1 ஐப் பூச்சியமாகக் கொண்டு நாட்களை எண்ணினால், 1989 செப்ரெம்பரில் அந்த எல்லை முடிந்துவிடும். சுனாமி வந்த 2004 டிசெம்பர் 26 இற்கு 38,345 என்று வரவேண்டும். வருவதோ -27,191. தொகுப்பான் எச்சரிக்காது, நிரலும் நிற்காது. பிழையான விடையைச் சரியான விடைபோலவே திரையில் காட்டும். அச்சேறும் திகதியில் இத்தகைய பிழை எவ்வளவு பாரதூரமானது என்பதை எழுத்துத் துறையில் உள்ளோர் அறிவர்.

இருந்தும் டேர்போ பாஸ்கலையே தெரிந்தேன். நாள் எண்ணை மெய்யெண்ணாக மாற்றி எழுதினால் பதினொரு இலக்கம் வரை துல்லியம் கிடைக்கும்; வேகம் சற்றுக் குறையும், அவ்வளவுதான். அதற்கு ஈடாக, மூலநிரலும் தொகுப்பானும் ஒரே நெகிழ்வட்டில் இருக்கும். நாளை எவரேனும் அந்தக் கணினியைத் திறந்தால், வேறு கணினியின் தயவின்றி அங்கேயே வாசித்துத் திருத்தலாம். இயந்திர மொழி மட்டும் அங்கு போயிருந்தால், ஓட்டிப் பார்க்கலாமே தவிரத் திருத்த இயலாது.

உங்கள் தேவை விரைவான விளையாட்டு என்றால் ஃபிறீ பாஸ்கலே நன்று. எதைத் தெரிந்தாலும், விடை ஏற்கெனவே தெரிந்த திகதிகளைக் கொடுத்துச் சோதியுங்கள். 2004 டிசெம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை.