நெரிசலான கடலில் ஒரு ராக்காவல்

மலாக்கா ஜலசந்தியைத் தாண்டி சிங்கப்பூர் ஜலசந்திக்குள் கப்பல் நுழைந்துவிட்டால், அன்றிரவு மாலுமிகளுக்குச் சரியான தூக்கம் கிடையாது. பகலில் இன்ஜின் அறையிலும் தளத்திலும் உழைத்தவர்களே, ராத்திரியில் டார்ச் லைட்டும் வாக்கி டாக்கியுமாகக் கப்பலின் பின்பக்கத்தைச் சுற்றி வருவார்கள். கடற்கொள்ளையர் பயம்தான் காரணம்.

இந்தியப் பெருங்கடலிலிருந்து சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போகக் குறுக்கு வழி இது. ஆண்டுக்கு 80,000 தடவைக்கு மேல் கப்பல்கள் இதைக் கடக்கின்றன. சிங்கப்பூர் அருகே பிலிப் கால்வாயில் இந்த வழி 3 கிலோமீட்டருக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். எண்ணெய்க் கப்பல், கன்டெய்னர் கப்பல், இழுவைப் படகு, மீன்பிடிப் படகு எல்லாம் அதற்குள்தான்.

சோமாலியா பக்கம் கொள்ளையர் துரத்தினால், கப்பல் வேகமெடுத்து வளைந்து நெளிந்து ஓடித் தப்பப் பார்க்கும். இங்கே அது நடக்காது. போவதற்கு ஒரு பாதை, வருவதற்கு ஒரு பாதை என்று 1981 முதலே பிரித்து வைத்திருக்கிறார்கள். சட்டென்று திருப்பினால் பக்கத்துக் கப்பல் மீதோ, ஆழம் குறைந்த திட்டு மீதோ மோதவேண்டியதுதான்.

திருட வருகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இருட்டில் சின்னப் படகில் பின்னால் வந்து, நீளக் கம்பில் கொக்கி மாட்டி ஏறுவார்கள். சரக்கு ஏற்றித் தாழ்ந்து, மெதுவாகப் போகிற கப்பல்தான் அவர்கள் குறி. பெரும்பாலும் எடுப்பது இன்ஜின் உதிரி பாகங்களை. யாராவது பார்த்து அலாரம் அடித்தால் பல நேரம் ஓடிவிடுவார்கள். தனியாக ஒரு மாலுமி எதிரே வந்துவிட்டால்தான் கத்தி வெளியே வரும்.

பெரிய சரக்குக் கப்பலில்கூட மொத்தம் இருபது பேர் சுமாருக்குத்தான் இருப்பார்கள். முன்னால் நெரிசலைப் பார்க்க ஆள் வேண்டும். பின்னால் திருடனைப் பார்க்கவும் ஆள் வேண்டும். களைத்த கண் இரண்டையுமே தவறவிடும். 2017 ஆகஸ்ட்டில் அமெரிக்கப் போர்க்கப்பல் 'ஜான் எஸ். மெக்கெய்ன்' இந்தப் பகுதியில் எண்ணெய்க் கப்பல் ஒன்றுடன் மோதியதில் 10 பேர் இறந்தார்கள். கொள்ளையருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சுக்கான் யார் கையில் இருக்கிறது என்பதில் சில நிமிடம் ஏற்பட்ட குழப்பமே போதுமானதாக இருந்தது.

கப்பலையே காணோம்!

கப்பலில் இருப்பவர்களால் மட்டும் சமாளிக்க முடியாது என்று உலகுக்குக் காட்டியது 1999-ல் நடந்த ஒரு சம்பவம். 'அலோண்ட்ரா ரெயின்போ' என்ற ஜப்பானியக் கப்பல், சுமார் 7,000 டன் அலுமினியத்துடன் அக்டோபரில் இந்தோனேசியாவின் கோலா தஞ்சுங் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே கொள்ளையர் பிடித்துவிட்டார்கள். மாலுமிகள் 17 பேரையும் பிறகு ஒரு மிதவையில் இறக்கிவிட்டார்கள். நாள்கணக்கில் கடலில் மிதந்தவர்களைத் தாய்லாந்து மீனவர்கள் காப்பாற்றினார்கள்.

கப்பலுக்குப் புதுப் பெயர் எழுதியாகிவிட்டது. ஆனால், கோலாலம்பூரில் 24 மணி நேரமும் இயங்கும் கடற்கொள்ளைத் தகவல் மையம், கப்பலின் அடையாளங்களை எல்லாக் கப்பல்களுக்கும் அனுப்பியிருந்தது. அதைப் படித்திருந்த எண்ணெய்க் கப்பல் கேப்டன் ஒருவர், வழியில் பார்த்த கப்பல்மீது சந்தேகப்பட்டுத் தகவல் சொன்னார். இந்தியக் கடலோரக் காவல்படையும் கடற்படையும் விரட்டிப் போய், நவம்பரில் அரபிக்கடலில் பிடித்தன.

அடுத்து நடந்தது கசப்பு. மும்பை நீதிமன்றம் 2003-ல் கொடுத்த தண்டனை, 2005-ல் உயர் நீதிமன்றத்தில் ரத்தானது. கடற்கொள்ளைக்கென்று தனிச் சட்டம் அப்போது இந்தியாவில் இல்லை. அந்தச் சட்டத்தை 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

தகவல் பகிர்வு மட்டும் சீக்கிரமே வளர்ந்தது. மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் கடற்படைகள் 2004-ல் ஒருங்கிணைந்த ரோந்தைத் தொடங்கின. ஜப்பான் முன்னெடுத்த 'ரீகாப்' ஒப்பந்தம் 2006-ல் நடைமுறைக்கு வந்து, சிங்கப்பூரில் தகவல் மையம் அமைந்தது. இந்தியாவும் அதில் உறுப்பினர்.

இத்தனை இருந்தும், சின்னத் திருட்டுகள் பல வெளியே வருவதில்லை. புகார் கொடுத்தால் துறைமுகத்தில் விசாரணை, தாமதம், செலவு என்று சிலர் பேசாமல் போய்விடுகிறார்கள். அப்படி ஒரு கப்பல் வாயை மூடிக்கொண்டால், ஒரு மணி நேரம் கழித்து அதே வழியில் வரும் அடுத்த கப்பலின் மாலுமி, எதுவும் தெரியாமல் டார்ச் லைட்டோடு பின்பக்கம் போவார்.