ஒரு பகலில் மூன்று திடல்கள்

இங்கிலாந்தில் கால்பந்து ஆர்வலர் சிலர் ஒரே நாளில் பல சிறு திடல்களுக்குச் சென்று ஆட்டம் காண்பர். அவர்கள் நாடுவது புகழ்மிக்க அரங்குகளை அன்று. எளிய கழகங்களின் திடல்களையே. 1857இல் தோன்றி, உலகின் மிகப் பழைய கால்பந்துக் கழகமாகப் போற்றப்படும் ஷெஃபீல்டு இன்றும் அத்தகைய சிறு திடலிலேயே ஆடுகிறது.

கோவையிலும் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஞாயிறு ஒன்றில் அவ்வாறு புறப்பட்டார். காலையில், இரயில் நிலையத்தோடு வளர்ந்த போத்தனூர். புல்லற்ற மண்தரையில் இரு செங்கற்களே கோல் கம்பங்கள். வெறுங்காலுடன் ஆடிய சிறுவன் ஒருவன் அவரையே நடுவராக்கினான்.

நண்பகலில், தாம் பல்லாண்டு பயிற்சியளித்த திடலைத் தேடிச் சென்றார். அங்கே மனைகளுக்கான அளவுக்கற்கள் நடப்பட்டிருந்தன. கோல் கம்பம் நின்ற இடத்தைக் காலால் அளந்து பார்த்துவிட்டு, பேசாமல் திரும்பினார்.

மாலையில் நேரு விளையாட்டரங்கம். 2019 மார்ச்சில் மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று சென்னை சிட்டி அணி ஐ-லீக் வாகை சூடியது இங்கேதான். ஆயினும் சில ஆண்டுகளிலேயே அவ்வணி ஐ-லீக்கில் இல்லாமற்போனது.

காலியான இருக்கைகளை நோக்கியவாறு அவர் எண்ணினார்: வாகை சூடிய அணி மறைந்தாலும், மண்தரை இருக்கும்வரை புதிய அணி பிறக்கும், மண்தரையே மறைந்தால்? மறுஞாயிறு அவர் போத்தனூருக்கே சென்றார், கழுத்தில் ஊதலுடன்.