உரப் பையளவு நிலம்

வீட்டுத்தோட்டம் என்று யாராவது சொன்னால் நாங்கள் கொஞ்சம் யோசிப்போம். ஊரில் மற்ற ஆட்களுக்கு வீட்டுக்குப் பின்னால் தோட்டம் இருக்கிறது. எங்களுக்குத் தோட்டத்துக்குள்ளே வீடு இருக்கிறது. அந்த வீடும் தோட்டத்துடையதுதான். 2022 ஜூனில் சாப்பாட்டுத் தட்டுப்பாடு வந்தபோது, வீட்டில் பயிர் செய்யச் சொல்லி அரசாங்க ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தது. அந்தச் செய்தியைக் கேட்டு லயத்தில் சிரித்தவர்கள் அதிகம். லீவு கிடைத்தாலும் நடுவது எங்கே?

காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் இஸ்தோப்பு, அதுக்கு முன்னால் வாசல், வாசலை ஒட்டிக் கான். கானுக்கு அந்தப் பக்கம் தேயிலை, இல்லாவிட்டால் றப்பர். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் பெரும்பாலும் இதுதான் அமைப்பு. ரோட்டுக்கு மறுபக்கம் கிராமத்துக்காரர் வீட்டில் பலா, தென்னை, பாக்கு, மிளகுக்கொடி எல்லாம் ஒரே வளவுக்குள் நிற்கும். நாங்கள் பையில் நடுகிறோம். உரப் பை, அரிசிப் பை, பெயின்ட் வாளி. பத்து வருஷமாக நட்டு, பார்த்து, பக்கத்துக் காம்பராக்காரரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதி வைக்கிறோம். பையில் எந்த மண், எத்தனை லீற்றர் என்பதுதான் விஷயம். ஆனால் அது அங்கேயே நின்றுவிடுவதும் இல்லை.

முதலில் மண். தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும், பி.எச் 4.5இலிருந்து 5.5 வரை. மிளகாய், தக்காளி, கத்தரிக்கு 6இலிருந்து 6.8 வரை இருந்தால் நல்லது. 5க்குக் கீழே போனால் மண்ணில் உள்ள அலுமினியம் கரைந்து வேரைக் கருக்கும். தேயிலை அதைத் தாங்கும், கொச்சிக்காய் தாங்காது. அதனால் மலையிலிருந்து மண்ணை அள்ளிப் பையில் போட்டு மிளகாய்க் கன்றை வைத்தால் அது மாதக்கணக்கில் அதே உயரத்தில் நிற்கும். அந்த மண்ணுக்கு அடுப்புச் சாம்பலோ டொலமைட்டோ வேண்டும். கவ்வாத்துக் காலத்தில் தேயிலைக்கே டொலமைட் போடுகிற வழக்கம் இருப்பதால் அது எங்களுக்குப் புதுசில்லை. 20 லீற்றர் கலவைக்கு ஒரு கைப்பிடி போதும். நடுவதற்கு இரண்டு கிழமைக்கு முன்னமே கலந்து வைத்துவிட வேண்டும். ஒன்று மட்டும் கவனம்: சாம்பலையும் பச்சைச் சாணத்தையும் ஒரே நேரம் கலக்காதீர்கள். சாணத்தில் உள்ள நைதரசன் அமோனியாவாகி மூக்கைத் துளைத்துக்கொண்டு காற்றில் போய்விடும்.

மண்ணை எங்கே எடுப்பது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. லயத்துக்குப் பின்னால் இருக்கிற மண்திட்டை வெட்டி எடுப்பது சுலபம், ஆனால் செய்யக்கூடாது. 2016 மே 17 அன்று அரநாயக்கவில் மலையே இறங்கியது. அதே நாள் புளத்கொஹுபிட்டிய பக்கத்தில் தோட்ட லயங்களும் மண்ணுக்குள் போயின. அதுக்குப் பிறகு எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சரிவில் மண்வெட்டி போட விடுவதில்லை. "கான் மண்ணை எடு" என்பார்கள். மழைக்கு மலையிலிருந்து வழிந்து வரும் மேல்மண் கானில் தங்கி நிற்கும். எப்படியும் யாராவது வாரி வெளியே போட வேண்டிய மண்தான் அது. கேட்டுவிட்டு எடுத்தால் ஒருவரும் தடுப்பதில்லை. களைக்கொல்லி அடித்த மலைக்குக் கீழே உள்ள கானை மட்டும் விட்டுவிடுவோம்.

அடுத்தது சேதனம். அந்தச் சொல்லைக் கேட்டாலே எங்கள் வீடுகளில் 2021தான் ஞாபகம் வரும். அந்த வருஷம் மே மாதம் வர்த்தமானி போட்டு இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார்கள். நாடு முழுக்கச் சேதன விவசாயம் என்றார்கள். நவம்பர் கடைசியில் தடையைத் தளர்த்தினார்கள். இடையில் சீனாவிலிருந்து கப்பலில் வந்த சேதனப் பசளையில் தீங்கான பக்டீரியா இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். ஆகவே சேதனம் என்றாலே சுத்தம் என்று நினைக்க முடியாது.

ஒரு சின்னக் கணக்கு. யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். 50 கிலோ பை ஒன்றில் 23 கிலோ. சாதாரணக் கூட்டெருவில் 1 சதவீதம் என்று வைத்தால், அதே 23 கிலோவுக்கு 2,300 கிலோ கூட்டெரு வேண்டும். 50 கிலோப்படி 46 மூட்டை. ஒரு மூட்டை ஏற்றின மலைக்கு 46 மூட்டை ஏற்ற வேண்டும். யார் முதுகில்? சேதனம் கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு மலைக்கு ஒரே வருஷத்தில் முடியாத காரியம் ஒரு பைக்கு முடியும் என்கிறோம். ஒரு பைக்கு வேண்டியது இரண்டு வாளிக் கூட்டெரு. அதை ஒரு குடும்பத்தின் குப்பையிலேயே செய்யலாம்.

எங்கள் கூட்டெருவில் போவது: மரக்கறித் தோல், மாட்டுக்காரர் வீட்டுச் சாணம், கிளிரிசிடியா இலை, காட்டுச் சூரியகாந்தி இலை. கிளிரிசிடியாவில் நைதரசன் நிறைய, சீக்கிரம் மக்கும். பச்சை மரத்தூள் மட்டும் வேண்டாம். அதை மக்கச் செய்கிற நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள நைதரசனைத் தாங்களே எடுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகும். காளான் வளர்க்கிறவர்கள் றப்பர் மரத்தூளைப் பயன்படுத்தி முடித்துத் தூக்கிப் போடுவார்கள். அது பாதி மக்கியது, அதைக் கூட்டெருக் குவியலில் சேர்க்கலாம்.

கலவை விகிதம் எங்கள் மழையைப் பொறுத்தது. யாழ்ப்பாணத்துக்கோ மதுரைக்கோ சொல்கிற கலவையில் தண்ணீரைப் பிடித்து வைக்கத் தும்புத்தூள் நிறையப் போடச் சொல்வார்கள். இரத்தினபுரியில் வருஷத்துக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. இங்கே தண்ணீரைப் போக விடுவதுதான் வேலை. நாங்கள் போடுவது மூன்று பங்கு கான் மண், இரண்டு பங்கு கூட்டெரு, ஒரு பங்கு பரும்படி மணல், ஒரு பங்கு உமிக்கரி. மாணிக்கக்கல் கழுவின இடத்தில் ஒதுக்கின மணல் கிடைத்தால் களி போகும்வரை அலசிப் போடலாம். கலவையைக் கையில் இறுக்கிப் பிடித்துத் திறந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். இது தவறணையில் பை நிரப்பின பெண்களின் பரிசோதனை. (வடக்கு நண்பர்கள் பயப்பட வேண்டாம், எங்கள் ஊரில் தவறணை என்றால் நாற்று வளர்க்கிற இடம். கள்ளுக்கடை இல்லை.)

தவறணையிலிருந்து இன்னொன்றும் கற்றோம். தேயிலைக் கன்று நிற்கிற கறுப்புப் பை ஒல்லியாக, உயரமாக இருக்கும். ஏன் அகலமாகச் செய்யவில்லை? ஒரு ஸ்பொஞ்சைத் தண்ணீரில் முக்கிப் படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டி முடிந்ததும் நிமிர்த்திப் பிடியுங்கள். மறுபடியும் தண்ணீர் ஒழுகும். பைக்குள்ளும் இப்படித்தான். எவ்வளவு ஓட்டை போட்டாலும் அடியில் ஓர் ஈரப்படை தங்கும். ஒரே கலவையாக இருந்தால், பை உயரமோ குட்டையோ, அந்தப் படையின் உயரம் ஒன்றுதான். அதனால் குட்டைச் சாடியில் பாதி மண் சேறாகவே கிடக்கும், உயரமான பையில் வேர் மூச்சு விட மேலே இடம் மிஞ்சும். அடியில் கல் போட்டால் தண்ணீர் வடியும் என்று எல்லோரும் சொல்வார்கள். வடியாது, ஈரப்படை கல்லுக்கு மேலே ஏறி உட்காரும், அவ்வளவுதான்.

இனி அளவு. வல்லாரை, பொன்னாங்காணிக்கு ஆறு அங்குல ஆழம் போதும், அகலம்தான் வேண்டும். கொச்சிக்காய்க்கு 10 லீற்றர், அதாவது ஒன்பது அங்குல அகலம், பத்து அங்குல உயரம். தக்காளிக்கும் கத்தரிக்கும் ஓரடி அகலம், ஓரடி உயரம். அது 22 லீற்றர் பிடிக்கும். இஞ்சிக்கு உரப் பையின் வாயை மடித்துப் பாதிவரை நிரப்பி, செடி வளர வளர மடிப்பை அவிழ்த்து மண் சேர்க்கலாம். பெரிய பையில் குட்டிக் கன்றை நேரே வைக்காதீர்கள். வேர் போகாத மண் மழையில் காயாமல் கிடந்து தண்டின் அடி அழுகும். முதலில் சின்னப் பை, வேர் சுற்றத் தொடங்கும்போது அடுத்தது. தகரக் கூரையின் தண்ணீர் விழுகிற கோட்டில் பையை வைக்காதீர்கள். மழை சத்தைக் கழுவிக்கொண்டு போவதால், மாதம் ஒருமுறை நிறையப் போடுவதைவிடக் கிழமைக்கு ஒருமுறை கொஞ்சம் சாணக் கரைசல் ஊற்றுவது நல்லது. களைக்கொல்லி வந்த கான்களை, எத்தனை தரம் கழுவினாலும், சாடியாக வெட்டாதீர்கள். நெய்த உரப் பை வெயிலில் ஒரு வருஷத்துக்கு மேல் தாங்காது. அது நூல்நூலாக உதிர முதலே மாற்றிவிட்டால் மண்ணில் பிளாஸ்டிக் சேராது.

22 லீற்றர் ஈர மண் ஏறக்குறைய 30 கிலோ. அதற்கு மேலே நாங்கள் போவதில்லை. செடிக்கு இன்னும் பெரிய பை பிடிக்கும்தான். ஆனால் காட்டுப்பன்றி வந்தால் இஸ்தோப்புக்குத் தூக்க வேண்டும். மண்சரிவு எச்சரிக்கை வந்தால் விட்டுவிட்டு ஓட வேண்டும், திரும்பி வந்து வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டியும் இருக்கலாம். அந்த வாசலில் கட்டடம் வருகிறது, வேலி வருகிறது என்றால் ஒரு கிழமைக்குள் காலி செய்ய வேண்டும். இரண்டு பேர் தூக்கக்கூடிய பை என்பதுதான் எங்கள் அளவுகோல். அது எந்தக் கையேட்டிலும் இல்லை.

கூட்டெரு போட்ட மண் உடனே பலன் தருவதில்லை. இரண்டு மூன்று வருஷம் போட்டுப் போட்டுத்தான் கறுப்பாகி, மண்புழு வந்து, வாசம் மாறும். மண்ணை வளர்ப்பது என்றால் நாளைக்கும் இங்கேதான் இருப்போம் என்று நம்புவது. அந்த நம்பிக்கைக்குக் காகிதம் வேண்டும். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தில் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போனது. காணி அரசாங்கத்துடையது, குத்தகை கம்பெனியுடையது. அதில் பரம்பரையாக வேலை செய்தவர்களுக்கு 7 பேர்ச் கொடுப்பதா, 10 பேர்ச் கொடுப்பதா என்ற பேச்சு வருஷக்கணக்கில் நடக்கிறது. 7 பேர்ச் என்றால் ஏறக்குறைய 1,906 சதுர அடி. எங்கள் வாசலில் நிற்கிற 20 பைகளின் மண்பரப்பு மொத்தம் 16 சதுர அடி, ஒரு கட்டிலைவிடச் சின்னது.

அதனால் "காணி இல்லையா, பையில் நடுங்கள்" என்று யாராவது சொன்னால் பாதிக்குத்தான் தலையாட்டுவோம். நடத்தான் வேண்டும். கொச்சிக்காய் விலை ஏறின நாட்களில் அந்த 16 சதுர அடி எங்களுக்குக் கறி கொடுத்தது, இன்னும் கொடுக்கிறது. ஆனால் கிராமத்து வீட்டின் பலாவும் தென்னையும் எந்தப் பையிலும் அடங்காது. அவற்றை நட வருஷக்கணக்கில் அதே இடத்தில் இருப்போம் என்ற நிச்சயம் வேண்டும். அது வரும்வரை மண்ணைக் கறுப்பாக்கிக்கொண்டு இருப்போம். காணி கிடைக்கிற அன்றைக்கு இந்தப் பைகளை அவிழ்த்து முதல் குழியில் கொட்டலாம். அதற்காகவே பழைய மண்ணை வீசுவதில்லை, வருஷா வருஷம் கூட்டெரு சேர்த்து அடுத்த பைக்கு மாற்றி வைக்கிறோம்.