ஆயிரம் படிகளுக்குக் கீழே

இது ஆய்வுப் பதிவு அன்று. ஆய்வை வீட்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்ற நிபந்தனையோடு தொடங்கிய ஒரு பயணத்தைப் பற்றியது. சற்று நீளமானது, பொறுத்தருள்க.

2023 ஜனவரியில் நானும் என் கணவரும் பத்து நாள் விடுமுறைக்கு இலங்கை சென்றோம். "நாம போற ஊர்ல எல்லாம் எப்படியோ ஒரு ஆவணக் காப்பகம் வந்துடுது" என்பது அவருடைய நெடுநாளைய குறை. அதில் உண்மை இருந்தது. மலையகத் தோட்டத் தொழிலாளரின் இடப்பெயர்வைப் பற்றி ஐந்தாண்டுகளாகப் படித்துவரும் ஒருத்தி விடுமுறைக்காகக் கொழும்புக்குப் போகிறேன் என்றால் யார்தான் நம்புவார்கள்? மடிக்கணினியும் குறிப்பேடும் எடுத்துவருவதில்லை என்று வாக்களித்தேன். அவர் கேட்டது கடற்கரை. நான் கேட்டது ஒரே ஒரு மலை. பத்தில் எட்டு நாள்கள் கடற்கரைக்கே போயின. எனவே விட்டுக்கொடுத்தவள் நான்தான் என்று அப்போது எண்ணிக்கொண்டிருந்தேன்.

சிவனொளிபாத மலை 2,243 மீட்டர் உயரம். இலங்கையின் உயரமான சிகரம் அன்று. ஆனால் அந்த அளவுக்குப் பெயர்கள் சுமக்கும் மலை அங்கே வேறில்லை. உச்சிப் பாறையில் உள்ள காலடித் தடத்தைப் பௌத்தர்கள் புத்தருடையது என்பர். சிங்களத்தில் அது ஸ்ரீபாத. நமக்குச் சிவனுடையது. இஸ்லாமியருக்கு ஆதம் நபியினுடையது. ஆங்கிலேயரும் அவ்வழியே ஆதாமின் சிகரம் என்றனர். 1344இல் இப்னு பதூதா இதன்மீது ஏறி, பாறையில் பொருத்தப்பட்டிருந்த இரும்புச் சங்கிலிகளைப் பற்றி எழுதிவைத்தார். டிசம்பர்ப் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரை யாத்திரைக் காலம். அட்டன் வழியாக மஸ்கெலியாவைக் கடந்து நல்லதண்ணியில் இறங்கினால், அங்கிருந்து ஏறத்தாழ 5,500 படிகள். மக்கள் இரவில் ஏறி விடியலை உச்சியில் காண்பார்கள்.

ஆயத்தமின்றிப் போனோம் என்று சொல்ல முடியாது. அடுக்ககத்தின் ஒன்பது மாடிகளை மாலைதோறும் ஏறி இறங்கினோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நந்தி மலைக்குச் சுல்தான்பேட்டைப் பக்கமுள்ள பழைய படிவழியாகவே ஏறினோம். அவருக்கு வலது முழங்காலில் பழைய காயம் உண்டு. கல்லூரி நாள்களில் பூப்பந்து ஆடிக் கிழித்துக்கொண்ட சவ்வு. நந்தி மலையில் அது ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டவள் நான்.

இரவு ஒன்றரை மணிக்கு நல்லதண்ணியிலிருந்து புறப்பட்டோம். முதல் ஒரு மணி நேரம் எளிது. தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே நடை, இடையிடையே கடைகள், தொலைவில் மலையின் விளிம்பெங்கும் விளக்குச் சரம். அந்தச் சரம் செங்குத்தாக வானத்துக்குள் ஏறுவதைப் பார்த்து, அது பாதையாக இருக்காது, விண்மீன்களாக இருக்கும் என்றார் அவர். பாதைதான். வழிநெடுக ஒருவரையொருவர் "கருணாவாய்" என்று வாழ்த்திச் சென்றனர் சிங்கள யாத்திரிகர்கள். கைக்குழந்தையோடு ஒரு தாய், வெறுங்காலோடு முதியவர்கள். விலையுயர்ந்த காலணிகளோடு மூச்சிரைத்தது நாங்கள்தான்.

மூவாயிரம் படிகளுக்குமேல் உயரம் ஒரே சீராக இருப்பதில்லை. ஒரு படி கணுக்கால் அளவு, அடுத்தது முழங்கால் அளவு. நான்கரை மணியளவில் ஒரு தேநீர்க் கடையின் பலகையில் அவர் உட்கார்ந்தார். எழ முயன்றார், முடியவில்லை. முழங்கால் வீங்கியிருந்தது. இன்னும் ஆயிரம் படி இருக்கும் என்றார் கடைக்காரர்.

"நீ போயிட்டு வா. நான் இங்கயே இருக்கேன்."

"வேண்டாம், நானும் இருக்கேன்" என்றேன். அவர் மறுபடியும் போகச் சொன்னார். "நிச்சயமா?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்டபோதே நான் நின்றுகொண்டிருந்தேன், பையைத் தோளில் மாட்டியபடி. இதை அவர் கவனித்தாரா என்று இன்றுவரை கேட்டதில்லை.

உச்சிக்கு முந்தைய கடைசிப் பகுதியில் கூட்டம் நெரிந்து, ஒரு படிக்கு ஐந்து நிமிடம் என்று நகர்ந்தது. குளிரில் கம்பியைப் பிடித்த விரல்கள் மரத்தன. ஆறு மணிக்கு மேலே சேர்ந்தேன். எத்தனை முறை ஏறினோமோ அத்தனை முறை மணியடிப்பது அங்கே வழக்கம். நான் ஒரு முறை அடித்தேன். எனக்கு முன்னால் நின்ற முதியவர் அடித்துக்கொண்டே இருந்தார். எண்ணிக்கை எனக்குத் தவறிவிட்டது. கதிரவன் எழுந்ததும் எல்லோரும் கிழக்கே பார்த்துக் கைகூப்ப, சிலர் மட்டும் மேற்கே ஓடினர். அங்கே பனிமூட்டத்தின்மீது மலையின் நிழல், அளவுகோல் வைத்துக் கீறியதுபோல முக்கோணமாக விழுந்து கிடந்தது. "அங்க பாருங்க!" என்று சொல்லி அருகிலிருந்தவரின் முழங்கையைத் தொட்டேன். கம்பளித் தொப்பி அணிந்த யாரோ ஒருவர். மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு கழி இருந்தது. முகத்தில் வலி குறைந்திருந்தது. "ஒரு அம்மா குடுத்துட்டுப் போனாங்க" என்றார். எழுபது வயதுக்கு மேலிருக்கும் அந்த அம்மாள் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். உறவினர்களை மேலே அனுப்பிவிட்டு, தாம் பதினாலு முறை ஏறியாகிவிட்டது என்று கடையில் உட்கார்ந்திருந்தாராம். இறங்கும் முறையையும் அவரே சொல்லிக்கொடுத்திருந்தார்: "நேரா இறங்காதீங்க தம்பி, குறுக்கால இறங்குங்க. நோகுற காலை முதல்ல கீழ வைங்க. கூடையோட சரிவுல நாங்க அப்படித்தான் இறங்குவோம்." நாங்கள் அப்படியே இறங்கினோம். நான்கு மணி நேரம் பிடித்தது. அவருடைய இடக்கை என் தோளில்.

இறங்கும் வழியில்தான் மீதிக் கதை வந்தது. அந்த அம்மாளின் அண்ணனுக்கு எழுபதுகளில் இந்தியக் கடவுச்சீட்டு வந்திருக்கிறது. இவருக்கு இலங்கைக் குடியுரிமை. தாயாரைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்க வேண்டும் என்று இவர் நின்றுவிட்டார். அண்ணன் மனைவி மக்களோடு தலைமன்னார்க் கோச்சியில் ஏறினார். அதன்பின் மூன்று கடிதங்கள்.

ஆய்வாளர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பற்றியது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது. இந்த எண்களை நான் எத்தனை கட்டுரைகளில் அடிக்குறிப்பாக இட்டிருப்பேன்! அந்த எண்ணுக்குள் இருந்த ஒருவர் ஆயிரம் படிகளுக்குக் கீழே சாயத் தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, நான் மேலே ஒரு நிழலைப் பதினொரு முறை படமெடுத்துக்கொண்டிருந்தேன்.

"எந்தத் தோட்டம்? எந்த வருஷம்? அண்ணன் எந்தக் கப்பல்ல போனார்?" என்று அடுக்கினேன்.

"நான் கேக்கல. டீ குடிச்சிட்டு இருந்தோம். அவங்களா சொன்னாங்க" என்றார். சிறிது தூரம் சென்றபின், "நீ இருந்திருந்தா கேட்டிருப்பே. அவங்க சொல்லியிருப்பாங்களான்னு தெரியல" என்றும் சொன்னார். குற்றஞ்சாட்டும் குரல் அன்று. அதனால்தான் அது தைத்தது.

அட்டனிலிருந்து கொழும்புக்குத் திரும்பும் ரயிலில், காலை எதிர் இருக்கையில் நீட்டி அமர்ந்திருந்தவரிடம், விட்டுச் சென்றதில் வருத்தமா என்று கேட்டேன். "நீ போகாம என்கூட உட்கார்ந்திருந்தா, ஆயுசுக்கும் சொல்லிக் காட்டியிருப்பே." அப்படியெல்லாம் இல்லை என்று மறுத்தேன். இருவருக்கும் தெரியும்.

பெங்களூர் திரும்பி மூன்று வாரம் கழித்து, கூடத்தில் பாய் விரித்து, முழங்காலுக்கு அடியில் துண்டை மடித்து வைத்து, இயன்முறை மருத்துவர் சொன்ன பயிற்சியை எண்ணிச் செய்துகொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தினார். "சுள்ளியா" என்றார். "அந்த அம்மாவோட அண்ணன் போன ஊர். ரப்பர் காட்டுல வேலைன்னு கடிதாசி வந்துச்சாம். உங்க ஊருக்குக் கிட்டவான்னு கேட்டாங்க. தூரம்னு சொல்லிட்டேன்."

சுள்ளியா நம் கர்நாடகத்தில்தான் இருக்கிறது, தட்சிண கன்னட மாவட்டத்தில். தாயகம் திரும்பிய குடும்பங்கள் அங்கே வன வளர்ச்சிக் கழகத்தின் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டன. இங்கிருந்து ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர். இரவுப் பேருந்தில் ஏறினால் விடியலில் இறங்கிவிடலாம்.

அண்ணனின் பெயரைக் கேட்டேன். அதை அவர் கேட்டுவைத்திருக்கவில்லை. துண்டைச் சரிசெய்துகொண்டு, ஒன்றிலிருந்து மறுபடியும் எண்ணத் தொடங்கினார்.